மூன்று துண்டுகள் குறையும்

எங்கள் வீட்டு அடுப்படிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. அதற்குள் யாரும் முழுதாக நுழைந்து பார்த்தது கிடையாது. கதவைத் திறந்து, கையில் இருப்பதை எட்டின மட்டும் உள்ளே வைத்துவிட்டு, எதுவும் சரிந்து விழுவதற்குள் சாத்திவிடுவோம்.

அந்த அறை நிரம்பியதற்குக் காரணம் என் வேலைதான். கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியில் போர்வை, தலையணை உறை, மேசை விரிப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் வெகுகாலம் இருந்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் ஆசிரியர்கள் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்புவார்கள். போகும்போது பெட்டியில் அடங்காததையெல்லாம் யாருக்காவது கொடுத்தாக வேண்டும். துணி அறையில் இருக்கிற நான் கண்ணில் படுவேன். அவர்கள் கண் கலங்க நீட்டும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவித்த முட்டையை நிற்க வைக்கும் கிண்ணம், ரொட்டித் துண்டுகளைச் சொருகி வைக்கும் கம்பி, மீன் வடிவத்தில் கேக் சுடும் அச்சு என்று வந்துகொண்டே இருந்தன. முட்டையை உடனே தின்றுவிடுகிற வீடு எங்களுடையது. அதை எதற்கு நிற்க வைக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்குக் கடைசி வரை புரியவில்லை.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வந்தபோது குடை தேடி அந்தக் கதவைத் திறந்தாள். மீன் அச்சு அவள் தோளில் விழுந்தது.

"அம்மா, இதெல்லாம் யாருக்கு வச்சிருக்கீங்க?"

"யாருக்காச்சும் ஆகும்டி."

"யாருக்குன்னு கேட்டாத்தானே தெரியும்?" என்று என் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

பழைய சாமான்களை ஏலம் விடும் வாட்ஸப் குழு ஒன்றில் அவள் என்னைச் சேர்த்துவிட்டாள். அதன் நடைமுறை எனக்கே ஒரு தடவையில் பிடிபட்டது. சனிக்கிழமை காலையில் பொருளின் படத்தைப் போட்டு நாலு வரி எழுத வேண்டும். பத்து ரூபாயில் ஆரம்பம். வேண்டும் என்கிறவர்கள் கீழே விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசியாக யார் விலை நிற்கிறதோ அவருக்குப் பொருள். அனுப்பும் செலவு வாங்குகிறவருடையது. கரூரில் இருந்த ஒரு பெண் குழுவை நடத்தினாள். ஆறு மணி நெருங்கும்போது 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று அவள் எழுத ஆரம்பித்தால் நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வேன்.

முதலில் முட்டைக் கிண்ணங்களைப் போட்டேன். ஆறில் ஒன்று உடைந்து ஐந்து மிச்சம். படத்தைப் பார்த்தவர்கள் இது சாமி விளக்கா, தைலம் காய்ச்சுவதா, செடி வைப்பதா என்று கேட்டுத் தள்ளினார்களே தவிர ஒருவரும் விலை சொல்லவில்லை. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சிவகாசியிலிருந்து ஒருவர் பத்து ரூபாய் என்றார். எதிர்ப்பே இல்லாமல் அவருக்கே போயிற்று.

"பத்து ரூவா சாமானுக்குக் கூரியர்க்காரன் எம்புட்டுக் கேப்பான் தெரியும்ல?" என்றார் என் வீட்டுக்காரர். "இது என்ன யாவாரம்?"

ஆனால் அவர்தான் கட்டிக் கொடுத்தார். அவர் பழக் கமிஷன் கடையில் பேரிக்காயும் பிளம்ஸும் பெட்டி போட்டுப் பழகியவர். எந்தப் பழமும் நசுங்கி ஊர் போய்ச் சேர்ந்ததில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. காய்ந்த தைல மரத்து இலையை ஒரு சாக்கு அள்ளிவந்து, கிண்ணம் ஒவ்வொன்றையும் இலைக்குள் புதைத்து, அட்டைக்கு மேல் அட்டை வைத்து, சணலால் நாலு பக்கமும் இறுக்கினார். ஐந்து கிண்ணத்துக்கு ஒரு தலையணை அளவு பொட்டலம்.

பத்து நாள் கழித்து சிவகாசிக்காரர் குழுவில் ஒரு வீடியோ போட்டார். அவருக்குப் பஜ்ஜிக் கடை. அவரும் கடையில் இருந்த இரண்டு பேரும் சேர்ந்து பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். சணலை அறுக்கிறார்கள், அட்டையைக் கிழிக்கிறார்கள், உள்ளே இன்னொரு அட்டை. "யோவ், உள்ள ஏதாவது இருக்கா இல்லையா?" என்று ஒரு குரல். கடைசியில் இலையைத் தட்டியதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சினார்கள். "கொடைக்கானல் வாசம்டா!" என்றார் அவர். இலையை ஒன்றுகூடக் கொட்டாமல் அள்ளிக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கிண்ணங்களில் தேங்காய்ச் சட்னி ஊற்றிப் பஜ்ஜித் தட்டின் நடுவே வைத்துப் படமும் எடுத்துப் போட்டார்.

என் வீட்டுக்காரர் அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. மறுநாள் வெள்ளனே எழுந்து இன்னும் இரண்டு சாக்கு இலை கொண்டுவந்து போட்டார். "அடுத்து என்னத்தப் போடப்போற?" என்றார்.

அப்புறம் எங்கள் சனிக்கிழமைகள் வேறு மாதிரி ஆகிவிட்டன. நான் எழுதுவது, அவர் கட்டுவது. எனக்குப் பொருளைப் பற்றி உயர்த்தி எழுத வராது. வாங்கிப் போய்த் திட்டுவார்களே என்ற பயத்தில் இருக்கிற குறையையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவேன். ஒரு குடையைப் பற்றி, 'மழைக்கு ஒழுகும். வெயிலுக்குப் பிடிக்கலாம். கைப்பிடி வாத்துத் தலை மாதிரி இருக்கும், குழந்தைகளுக்குப் பிடிக்கும்' என்று எழுதினேன். ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பற்றி, 'ஓடும். ஆனால் அதற்குத் தோன்றினபடி ஓடும். நேரம் பார்க்க வேண்டியவர்கள் வாங்க வேண்டாம்' என்று எழுதினேன். இதைப் படிக்கவென்றே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வாங்காதவர்கள்கூட, "அக்கா, இந்த வாரம் என்ன உடைஞ்சது?" என்று கேட்டார்கள். ஒழுகும் குடையை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நாடகத்துக்கென்று எடுத்துக்கொண்டார்.

எல்லா ஏலத்திலும் தவறாமல் இரண்டு பேர் நிற்பார்கள். குழுவில் பேரைவிட ஊர்தான் பேச்சில் இருந்ததால் நாங்களும் அவர்களை ஊர் பேரிலேயே சொல்வோம். ஒருவர் அய்யம்பாளையத்துக்காரர், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். இன்னொருத்தி மன்னவனூர்க்காரி, கேரட் தோட்டமும் கொஞ்சம் ஆடும் வைத்திருப்பவள். மலை அடிவாரத்தில் அவர், மேல்மலையில் அவள், நடுவில் நாங்கள். மூடி இல்லாத பிளாஸ்காக இருந்தாலும் சரி, ஒற்றைக் கையுறையாக இருந்தாலும் சரி, இரண்டு பேரும் விடமாட்டார்கள்.

'ரைட்டு, இருபது. வேற யாரும் ஏறுறீகளா?' என்று அவர் எழுதுவார்.

'இருபத்தொண்ணு. நீங்க எறங்குங்கண்ணே, ஸ்டாப்பு வந்துருச்சு' என்று அவள் எழுதுவாள்.

'இருபத்திரண்டு. மலையில இருக்கவுகளுக்கு எதுக்கும்மா இந்த ஐஸ் அச்சு? வெளியில தண்ணியை வச்சாலே ஒறஞ்சு போகும்ல?'

'அதுக்குத்தாண்ணே கேக்குறேன். கரெண்டு செலவு இல்லாம ஐஸ் கெடைக்கும்.'

அந்தத் தடவை அவளுக்கே போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் ஃபோனைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அடுப்பில் பால் பொங்கியதைக் கவனிக்கவில்லை.

அறையில் இப்போது உள்ளே நின்று திரும்பும் அளவுக்கு இடம் வந்துவிட்டது. கீழ்த் தட்டிலிருந்து ஒரு ஜிக்சா பெட்டி வெளிப்பட்டது. ஒரு கணக்கு ஆசிரியை தந்துவிட்டுப் போனது. சின்னச் சின்ன அட்டைத் துண்டுகள், எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு துறைமுகத்தின் படம். கப்பல்கள், படகுகள், கரையில் சிவப்பு ஓட்டு வீடுகள், மேலே பாதி பெட்டிக்கு நீல வானம். கொடுக்கும்போதே, மூன்று துண்டு காணோம் என்று வருத்தப்பட்டுத்தான் கொடுத்தார். நான் அதை அப்படியே எழுதினேன். 'மூன்று துண்டுகள் குறையும். எந்த மூன்று என்று தெரியாது. கப்பலாக இல்லாமல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.'

அன்று அய்யம்பாளையத்துக்கும் மன்னவனூருக்கும் நடந்த போட்டி மாதிரி அதற்கு முன் நடந்ததில்லை. பத்து இருபதாகி, இருபது நாற்பதாகி, நாற்பது எண்பதாயிற்று. "வாழ்க்கை பூரா மலை ரோட்டுலயே ஓடிட்டேன், கடல மடியில வச்சுப் பாக்கணும்" என்று அவர் எழுதினார். "பனிக்காலத்துல சாயங்காலம் ஆனா வெளியில தலை காட்ட முடியாது, கரெண்டும் இருக்காது, என் மகளுக ரெண்டும் ஒருத்தி முடியை ஒருத்தி பிடிச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்குதுக, எனக்குத்தான் வேணும்" என்று அவள் எழுதினாள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கட்சி சேர்ந்துகொண்டார்கள். சிவகாசிக்காரர் மன்னவனூர் பக்கம்.

சரியாக ஆறு மணிக்கு எங்கள் ஊரை மேகம் மூடி மழை பிடித்துக்கொண்டது. ஃபோனில் ஒரு கோடுகூட இல்லை. அரை மணி கழித்து சிக்னல் திரும்பி வந்தபோது குழுவே அல்லோலகல்லோலப்பட்டது. கடைசி விலை அய்யம்பாளையத்தார் பேரில் நின்றது. ஆனால் மன்னவனூர்க்காரி ஆறு மணிக்கு முன்னாலேயே அதற்கு மேல் போட்டதாகவும், மேலே டவர் போய்விட்டதால் அது தாமதமாக ஏறியதாகவும் சொன்னாள். "மழை எனக்கு மட்டுமா பெஞ்சுச்சு?" என்று அவர் கேட்டார். "ஆமா, உங்களுக்குப் பெய்யல, அங்க வெயில்ல ஒக்காந்திருந்தீக" என்றாள். கரூர்ப் பெண் பாவம், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, விற்கிறவங்களே முடிவு பண்ணட்டும் என்று என் தலையில் போட்டுவிட்டாள்.

"நீ என்ன வேணா முடிவு பண்ணு, ஆனா நான் இதைக் கட்டி அனுப்ப மாட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர். "போற வழியில நாலாவது துண்டும் காணாமப் போச்சுன்னு வையி, என்னயத்தான் சொல்லுவாக."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. விளையாட்டாகத்தான் எழுதினேன். 'ரெண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. இங்கேயே உட்கார்ந்து சேர்த்துப் பாருங்க. பார்த்த பிறகும் யாருக்கு வேணுமோ அவங்க எடுத்துக்கலாம்.'

வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டு பேரிடமிருந்தும் ஒரே வார்த்தை வந்தது. 'ரைட்டு.'

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வருவதற்குள் அய்யம்பாளையத்தார் வாசலில் நின்றார். மஃப்ளர் கட்டி, இரண்டு கையிலும் பெரிய பெரிய தேங்காய்கள். அவர் ஊர்த் தேங்காய் அவ்வளவு பெரிதாக இருக்கும். உள்ளே வந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது மன்னவனூர்க்காரி வந்தாள். தழையோடு ஒரு கட்டுக் கேரட்டைத் தோளில் போட்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும், கன்னம் இரண்டும் குளிரில் சிவந்து கிடந்தது. படியேறி வந்தவள் அவரைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"நீங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "யாரும்மா?"

"ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் கிழிச்ச கண்டக்டரு நீங்கதானே?"

அவர் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு தொடையில் ஓங்கித் தட்டினார். "ஸ்வெட்டருக்குள்ள வச்சுக் கொண்டுவந்தியே, அந்தப் புள்ளையா நீயி?"

அவர் வத்தலக்குண்டிலிருந்து மன்னவனூர் வரை போகும் பஸ்ஸில் வேலை பார்த்த காலத்தில் நடந்தது அது. அவள் அப்போது கல்யாணம் ஆகாத பெண். நோய் கண்ட ஒரு குட்டியைக் கொடைக்கானலில் மருத்துவரிடம் காட்டிவிட்டு ஸ்வெட்டருக்குள் ஒளித்துத் திரும்பியிருக்கிறாள். பூம்பாறை வளைவில் குட்டி கத்திவிட்டது.

"மடியில இருந்த குட்டிக்குப் போயி டிக்கெட்டு. அது என்னா ஜன்னல் சீட்டா கேட்டுச்சு?"

"ரூலு இருக்கும்மா. செக்கிங் ஏறினா எனக்குல்ல வேலை போகும்? அது போக, உன் குட்டி என் பை மேல ஒண்ணுக்குப் போச்சே, அதுக்கு நான் ஏதாச்சும் கேட்டேனா?"

"பேசாம இருந்தீகளா? பஸ்ஸே சிரிக்கிற மாதிரி கத்துனீக."

என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் நின்று, சண்டை வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அய்யம்பாளையத்தார் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பொழச்சுச்சா அது?" என்று கேட்டார்.

அவள் முகம் மாறிவிட்டது. "பொழச்சுச்சுண்ணே. அதோட குட்டிக, பேத்திகதான் இப்ப என் பட்டியில முக்காவாசி நிக்குது."

"அப்பாடா" என்றார். "அந்த வாரம் பூரா நெனச்சுக்கிட்டே இருந்தேன். மறு தடவ வண்டியில வருவே, கேக்கலாம்னு பாத்தேன். அதுக்குள்ள ரூட்டை மாத்திட்டான்."

கட்டில் மெத்தையை எடுத்துவிட்டு, பலகை மேல் துண்டுகளைக் கொட்டினோம். அவர் ஓரத் துண்டுகளைப் பொறுக்கினார். அவள் சிவப்பு ஓடுகளைப் பிடித்துக்கொண்டாள். நான் கொஞ்சம் படகு சேர்த்துவிட்டு அடுப்படிக்கு ஓடுவேன், திரும்பி வந்து பார்த்தால் என் படகில் வேறு யாராவது கை வைத்திருப்பார்கள். பட்டர் பீன்ஸ் குழம்பும் அவர் தேங்காயை அரைத்து ஒரு துவையலும் செய்தேன். யாரும் எழுந்து வருவதாக இல்லை. தட்டை மடியில் வைத்து இடது கையால் துண்டுகளைத் துழாவிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் முதலில் கிட்டேயே வரவில்லை. சிதறாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று கதவோரம் நின்றார். நீல வானத்தை யாரும் தொடவில்லை, எல்லாத் துண்டும் ஒரே நிறம். "அதை யாரு பாக்குறது?" என்று கேட்டுக்கொண்டே வந்து குனிந்தவர் அப்புறம் நிமிரவில்லை. நிறத்தைப் பார்க்காமல் ஒவ்வொரு துண்டின் வளைவையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்து வைத்தார். முப்பது வருடத்தில் அவர் அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. மத்தியானத்திலேயே மேகம் ஜன்னலை அடைத்துவிட்டது. விளக்கைப் போட்டோம். வெளியே ரோடுகூடத் தெரியவில்லை. உள்ளே கட்டில் மேல் நல்ல வெயிலில் கப்பல்கள் நின்றன.

கடைசித் துண்டை யார் வைப்பது என்று அங்கேயும் ஒரு சின்ன ஏலம் நடந்தது. நான் வைத்தேன். பிறகு நான்கு பேரும் ஓட்டைகளைத் தேடினோம். வானத்தில் ஒன்று, ஒரு கப்பலின் கொடியில் ஒன்று. அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

"மூணுன்னு எழுதியிருந்தீகளே?" என்றார் அய்யம்பாளையத்தார்.

"அவுக மூணுன்னுதான் சொன்னாக" என்றேன்.

"பொய் சொல்லி விக்கிறீகளேக்கா" என்று மன்னவனூர்க்காரி கன்னத்தில் கை வைத்தாள். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

யார் எடுத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது ஏலம் தலைகீழாகிவிட்டது. "நீ கொண்டு போம்மா, புள்ளைக இருக்கு" என்றார் அவர். "இல்லண்ணே, கடல் உங்களுக்குத்தான்" என்றாள் அவள். ஆளுக்குப் பாதி விலை என்றும், பனிக்காலம் முடிகிறவரை மன்னவனூரில் இருப்பது, சித்திரையில் அய்யம்பாளையத்துக்கு இறங்குவது என்றும் முடிவாயிற்று. அவளுடைய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அத்தனை நேரம் சேர்த்த படத்தைக் கலைக்க ஒருவருக்கும் கை வரவில்லை. அவள்தான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "வெரசா விடுங்கக்கா, பஸ்ஸு போயிரும்" என்று இரண்டு கையாலும் ஒரே வாரில் துறைமுகத்தை அள்ளிப் பெட்டிக்குள் போட்டாள். என் வீட்டுக்காரர் சணலை எடுத்தார். அவிழ்க்கவே முடியாதபடி கட்டிவிடுவார் என்று நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து தடுத்துவிட்டோம்.

அதற்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் அறை காலியாயிற்று. மீன் அச்சுகூடப் போய்விட்டது. அறையைக் கழுவி, சுவருக்கு வெள்ளை அடித்தோம். அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு வரை தெரியும் ஒரு ஜன்னல் இருக்கிறது என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் சாமான்கள் மறைத்து வைத்திருந்த ஜன்னல்.

போன சனிக்கிழமை என்னிடம் விற்க ஒன்றும் இல்லை. சும்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பத்திலிருந்து யாரோ ஒரு பழைய இசைப்பெட்டி போட்டிருந்தார்கள். சாவி கொடுத்தால் பாட்டு வருமாம், ஆனால் பாட்டு பாதியில் நின்றுவிடுமாம். பத்து ரூபாயில் ஆரம்பம். அய்யம்பாளையத்தார் பதினைந்து போட்டிருந்தார். மன்னவனூர்க்காரி பதினாறு.

"என்னாது அது?" என்று அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார். படித்துக் காட்டினேன்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேருல யாராச்சும் வாங்கிட்டுப் போயிருவாக" என்றார். "என்னத்த யோசிக்கிற? இருபது போடு."

போட்டேன்.